அசையாதவருக்கே சான்றிதழ்

ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதிர்ச்சி போதவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு ஜெர்மன்காரர். அவர் அதற்காக வரவில்லை, ஷூ வாங்க வந்தார். வந்தவரைத் தோல் ஏற்றுமதியாளர் சமீருல்லா சாஹிப் வீட்டுக்கு அழைத்துப்போய் பிரியாணி போட்டார். சாப்பாட்டுக்கு நடுவில் சாஹிபுடைய மகன், காலேஜ் முடித்து மீசையும் வளர்த்துவிட்டவன், தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அம்மாவிடம் எலும்பெல்லாம் எடுத்துத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஜெர்மன்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் மகன் பதினெட்டு வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டான் என்றார். சமீருல்லாவுக்கு நெஞ்சு பதறிப்போயிற்று. விருந்தாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதீர்கள், துஆ செய்கிறோம், கண்டிப்பாகத் திரும்பி வந்துவிடுவான் என்று தேற்றினார். அது துக்கமில்லை சாஹிப், பெருமை என்று கூட வந்த ஆள் காதோடு சொன்னபிறகுதான் விஷயம் விளங்கியது.

மறுநாள் காலை தன் அண்ணனிடம் கேட்டுவிட்டு, சமீருல்லா சொந்தமாக ஒரு முடிவெடுத்தார். இளையோர் முதிர்ச்சி அறக்கட்டளை அப்படித்தான் பிறந்தது.

அறக்கட்டளை என்றால் சும்மா பெயர்ப்பலகை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் கையில் சென்னையில் ஒரு பெண்கள் விடுதி இருந்தது. நம் பக்கத்து வீடுகளில் பெண்ணைச் சென்னைக்குப் படிக்க அனுப்புவதென்றால் அந்த விடுதிதான். வேறு எங்கே இடம் கிடைத்தாலும், "தெரியாத எடத்துல எப்படி விடறது" என்று யாராவது ஒரு பெரியப்பா கேட்பார், அதோடு படிப்பு முடிந்தது. பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் இனி முதிர்ச்சிச் சான்றிதழ் வாங்கினால்தான் விடுதியில் இடம் என்று அறக்கட்டளை அறிவித்தது. பையன்களுக்கு விடுதி இல்லையென்றாலும் அவர்களும் வரலாம், சான்றிதழை மாட்டி வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணியது.

சான்றிதழ் கொடுப்பதென்றால் சோதிக்க வேண்டும். சோதிப்பது யார்? ஜெர்மனிக்குப் போகிற ஷூவில் ஒரு ஊசி ஓட்டை தப்பாமல் பார்க்கிறவன், சென்னைக்குப் போகிற பிள்ளையைப் பார்க்க மாட்டானா என்று சமீருல்லா யோசித்தார். அவருடைய கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிற அப்துல் வஹீதுக்கு ஆள் போயிற்று.

வஹீத் நல்ல மனிதர். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய்ப்பிருக்காது. வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்து, வாங்கிய சம்பளத்தில் ஒரே பெண்ணைப் படிக்கவைத்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாதவர். வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷூவில் குறை தெரிந்தால் எங்கே என்று வாயால் சொல்வதில்லை. சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டுவார். அம்பு காட்டுகிற இடத்தை லைன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். கம்பெனியில் எல்லா செக்கர்களும் அப்படித்தான். ஆனால் வஹீத் ஒட்டினால் மேனேஜரே மறுபேச்சுப் பேச மாட்டார் என்று பெயர்.

அறக்கட்டளை ஆபீசில் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டவர் செயலாளர் மூர்த்தி. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் உத்தியோகம் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஷூ பார்ப்பீர்கள் என்று கேட்டார். அந்த இடத்தில்தான் வஹீதின் வாய் அவரைக் கெடுத்தது.

"ஒத்த ஷூவா பாக்கறதில்ல சார். ஜோடியாத்தான் பாப்போம். ஒண்ணு ரிஜெக்ட் ஆச்சுன்னா அதோட ஜோடியும் நின்னுடும்."

மூர்த்தி பேனாவை மூடிவிட்டு அவரை மரியாதையோடு பார்த்தார். இவ்வளவு ஆழமான கொள்கையை இத்தனை நாள் யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்றார். பிள்ளைகளும் ஜோடி ஜோடியாகச் சோதிக்கப்படுவார்கள், ஒருவர் தவறினால் மற்றவரும் தவறியவரே என்று அன்று மாலையே விதி வந்துவிட்டது. சார், அது ஷூவுக்கு, மனுசனுக்கு ரெண்டு கால் இருக்கறதால என்று வஹீத் விளக்கப் பார்த்தார். தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது, இனி உங்கள் கருத்தை நீங்களே மாற்ற முடியாது என்று மூர்த்தி சொல்லிவிட்டார். தனித்து நிற்கக் கற்றுக்கொடுக்கிற திட்டத்தில் தனியாக ஒருவரும் பாஸாக முடியாது என்று ஆயிற்று.

வஹீதின் மகள் இரம் தன் ஜோடியாக நிஷாவின் பெயரைக் கொடுத்தாள். இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். நிஷாவின் அம்மா அமிர்தவள்ளி வஹீதின் கம்பெனியிலேயே தையல் லைனில் வேலை. அப்பா லாரியோடு போனவர், எப்போதாவது வருவார். அதனால் பேங்கு, ரேஷன், கரண்டு ஆபீஸ் எல்லாம் நிஷாவேதான். இரம் அப்படி இல்லை. அம்மி என்று இவள் கூப்பிடுகிற அம்மா தும்மினால் இவளுக்குக் கண் கலங்கும். நிஷா ஜோடியாக இருந்தால் இவளும் கரையேறிவிடுவாள் என்று வஹீத் சந்தோஷப்பட்டார். விடுதி கிடைக்காவிட்டால் இரமுக்குப் பேரணாம்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் தயாராக இருந்தது. நிஷாவுக்கு அம்மாவின் பக்கத்து மெஷின் தயாராக இருந்தது. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

பயிற்சிக்கு மூர்த்தி ஒரு கையேடு எழுதியிருந்தார். உன் முடிவை நீயே எடு என்று ஆரம்பிக்கும். எடுத்த முடிவைப் பெற்றோர் கையொப்பத்தோடு ஆபீசில் கொடுத்து ஒப்புதல் பெறு என்று அடுத்த வரி. எவரையும் சார்ந்திராதே, எப்படிச் சார்ந்திராமல் இருப்பது என்று தெரியாவிட்டால் செயலாளரை அணுகு என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் செய்யவைக்க அம்மாக்கள் விடியற்காலையில் எழுந்து டீ போட்டுக் கொடுத்தார்கள்.

முதல் சோதனை, துணையில்லாமல் வாணியம்பாடிக்கு பஸ்ஸில் போய்த் திரும்புவது. தாய்மார்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சோதனையைக் கைவிட மூர்த்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஷாதி மஹால் என்கிற கல்யாண மண்டபத்துக்குள்ளேயே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒரு பஸ் உண்டாக்கினார்கள். மூர்த்தி கண்டக்டர். பிள்ளைகள் ஏறி உட்கார, பின் வரிசைகளில் அம்மாக்கள் டிபன் பாக்ஸோடு ஏறிக்கொண்டார்கள். திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கு அம்பு ஒட்ட வேண்டியது வஹீதின் வேலை. இட்லி வாசனை வந்ததும் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. நிஷாவின் அம்மா வேலைக்குப் போய்விட்டதால் அவள் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு வாணியம்பாடி போய்ச் சேர்ந்தாள். இரம் அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே போனாள். வஹீத் அதைப் பார்த்தார், அம்பு ஒட்டவில்லை. அது முதல் தப்பு, சின்னதுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இறுதிச் சோதனைக்கு முந்தின நாள் மூர்த்தி அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இதன் பெயர் உணர்ச்சி நிதானத் தேர்வு, வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்றார். ஒவ்வொரு பிள்ளையையும் மேடையில் நிற்கவைத்து, உன் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஒரு கெட்ட செய்தி சொல்லப்படும். அசையாமல் நிற்கிறவர் பாஸ். வஹீதுக்குக் கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. அது பிள்ளைங்க சார் என்றார். மூர்த்தி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்.

"முதிர்ந்தவன் சேதி கேட்டு ஓடமாட்டான் பாய். எழுத்துபூர்வமா வரட்டும்னு நிப்பான். சர்வீஸ்ல இருந்தப்போ எங்கப்பா தவறிட்டாருன்னு போன் வந்துது. கையில இருந்த ஃபைல முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு. ஆனா அன்னைக்கு என் டேபிள்ல ஒரு ஃபைல் பெண்டிங் இல்ல."

அப்படிச் சொல்லிவிட்டு மூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பி, அன்றைய மேலதிகாரி தன்னை மெச்சிச் சொன்ன வார்த்தைகளை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வஹீத் சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது இரம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் அம்மி குர்ஷித் யாரிடமோ போனில் பேரணாம்பட்டுச் சம்பந்தத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். வஹீத் மாடிக்கு ஏறிப்போனார். மகள் முகத்தைப் பார்த்தார். நாளைக்கு அம்மிக்கு ஏதோ ஆயிற்று என்று கேட்ட அடுத்த நொடி இது மேடையிலிருந்து குதிக்கும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. வாக்குக் கொடுத்தது, நேர்மை, நியாயம் எல்லாம் கொடியில் கிடந்த துணிபோல ஒரு பக்கமாகப் போய்விட்டது.

"நாளைக்கு மூர்த்தி சார் உன்கிட்ட ஒரு சேதி சொல்லுவாரு. அம்மி விழுந்துட்டாங்க, அது இதுன்னு. எல்லாம் பொய். நீ நகராத."

இரம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "நிஷாகிட்ட சொல்லட்டா அப்பா?" என்று கேட்டாள்.

"வேணாம். யார்கிட்டயும் வேணாம். நிஷாகிட்டகூட. வெளிய தெரிஞ்சா எனக்கு பேஜார் ஆயிடும்."

நிஷாவுக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை, அவள் கெட்டிக்காரி, எதற்கும் அசையமாட்டாள் என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் ஜோடி பார்த்த மனுசன், தன் மகளுக்கு வந்தபோது ஒற்றையைத்தான் பார்த்தார்.

மறுநாள் ஷாதி மஹால் நிரம்பிவிட்டது. சமீருல்லா சாஹிப் முன்வரிசை சோபாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் காத்திருந்த பிள்ளைகளை மூர்த்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ரேஷன் கடையில் சரக்கு இல்லை என்று சொல்வது மாதிரி ஒரே சுருதியில் செய்தியைச் சொன்னார். முதலில் வந்த பையன், அம்மா தன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, அம்மாவை நோக்கி ஓடினான். ரிஜெக்ட். அடுத்தவன் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான். பிறர் உதவியை நாடிய குறை என்று அவனுக்கும் அம்பு. ரிஹான் என்றொரு பையன் மட்டும் கல்மாதிரி நின்றான். இரண்டு முறை சொல்லியும் கண்கூட இமைக்கவில்லை. மூர்த்தி புளகாங்கிதம் அடைந்து முதல் பரிசை அங்கேயே அறிவித்தார். ரிஹானின் காதில் பாட்டுக் கேட்கிற சின்னக் கருவி இருந்ததை வஹீத் பார்த்தார். காதுக்கு அம்பு ஒட்டலாமா என்று யோசித்தார், அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது.

இரம் வந்தாள். உன் அம்மி மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்றார் மூர்த்தி. இரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை மட்டும் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தது. பாஸ்.

அடுத்து நிஷா. உன் அம்மா கம்பெனியில் மயங்கி விழுந்துவிட்டார் என்றார்.

மூர்த்திக்கு அது கையேட்டில் இருந்த ஒரு வரி. ஆனால் போன கோடையில் அமிர்தவள்ளி உண்மையிலேயே லைனில் வெயிலும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் நெடியும் தாங்காமல் மயங்கி விழுந்து, நிஷாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், வஹீதுக்கு நன்றாகவே தெரியும். நிஷா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையிலிருந்து குதித்து, வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போடாமல், நடுப்பகல் தார் ரோட்டில் ஓடினாள். வஹீத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பொய்ம்மா, பொய் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அவள் கேட்டைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் ஆள் உள்ளே ஓடி அமிர்தவள்ளியைக் கூட்டிவந்தான். தலையெல்லாம் நூல் பிசிறோடு, இன்னாடி ஆச்சு என்று வந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு நிஷா அழுத அழுகையைப் பார்த்து செக்யூரிட்டியே முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். அரைநாள் பர்மிஷன் போட்டுக்கொண்டு, அமிர்தவள்ளி மகளைக் கையைப் பிடித்து ஷாதி மஹாலுக்குத் திருப்பி அழைத்துவந்தாள். நடுவில் ஓடிவந்ததால் பரீட்சை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு.

போய்த்தான் விட்டது. மூர்த்தி நிதானமாக வஹீதைப் பார்த்து, குறை எங்கேயோ அங்கேதானே ஒட்டுவீர்கள், ஓடின காலிலேயே ஒட்டுங்கள் என்றார். வஹீத் குனிந்தார். பாதம் தாரில் வெந்து சிவந்திருந்தது, பெருவிரல் ஓரம் கிழிந்து ரத்தம். புழுதியில் அம்பு ஒட்டாமல் விழுந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். நிஷா காலை இழுத்துக்கொள்ளவில்லை. "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா" என்று மட்டும் சொன்னாள், அவருக்கும் அந்தக் கவலை இருந்திருக்கும் என்பதுபோல. அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று வஹீதுக்கு இருந்தது.

விதிப்படி இரம் ஒற்றையானாள். கம்பெனியில் ஒற்றைகளை என்ன செய்வீர்கள் என்று மூர்த்தி கேட்டார். அதே அளவில் இன்னொரு ஒற்றை கிடைத்தால் ஜோடி சேர்ப்போம் என்று வஹீத் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இதேபோல ஜோடி மேடையிலிருந்து ஓடிவிட்ட அஃப்ஷா என்ற பெண்ணை இரமுக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்து, இரண்டு பேருக்கும் பாஸுக்கான பச்சை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். நிஷா தனியாக நின்றாள்.

அன்றிலிருந்து வஹீதுக்குச் சோறு இறங்கவில்லை. லைனில் நின்றால் எல்லா ஷூவிலும் குறை தெரிந்தது. ஒரு நாள் ஒரு பெட்டி முழுக்க அம்பு ஒட்டிவிட்டார், மேனேஜர் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, பாய் வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க என்றார். வீட்டில் இரம் அதைவிட மோசம். விடுதிக்கு வாங்கிய பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நிஷா தன்னிடம் எதுவும் கேட்பதில்லை, நீ எப்படி நின்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, கேட்டுவிட்டால் சொல்லிவிடலாம்போல இருக்கிறது என்று தகப்பனிடம் சொன்னாள். சொல்லிவிடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பேரணாம்பட்டு அவர் கண்முன்னால் வந்து நின்றது.

அமிர்தவள்ளி டீ டயத்தில் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்று வஹீத் பயந்தார், திட்டினால் பரவாயில்லை என்றும் ஆசைப்பட்டார். அவளோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என் தப்புதான் பாய். ஜாஸ்தி பாசமா வளத்துட்டேன், அதான் ஓடியாந்துட்டா. இன்னொரு தபா வெச்சா நிக்க வெக்கறேன். தெனம் வீட்ல சொல்லிக் குடுக்கறேன். நான் பொட்டுனு போய்ட்டாகூட நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பாய், உங்க பேச்ச கேப்பாங்க."

தினமும் வேலை முடிந்து போய், அவள் கூடத்தில் செத்தவள்போலப் படுத்துக்கொள்வாளாம். நிஷா எதிரில் நிற்க வேண்டும். முதலில் சிரிப்பு வந்ததாம், அப்புறம் அழுகை வந்ததாம், இப்போது இரண்டும் வருவதில்லையாம். நல்ல முன்னேற்றம் பாய் என்று அவள் சொன்னபோது வஹீத் டீயைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் முடிவெடுத்தார். யாரிடமும் ஒப்புதல் வாங்காமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

சான்றிதழ் விழாவில் சமீருல்லா சாஹிப் தலைமையுரை ஆற்றினார். இளைஞர்கள் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "என்னையே பாருங்க. நான் எதையும் சொந்தமா முடிவெடுக்கறவன். எங்கண்ணன்தான் சின்ன வயசுலயே சொல்லிட்டாரு, நீ சொந்தமா முடிவெடுன்னு. அவர் பேச்ச நான் ஒரு நாள்கூட மீறினதில்ல" என்றார். முதல் பரிசு வாங்கிய ரிஹான் தன் வெற்றியின் ரகசியத்தை ஒரு தாளைப் பார்த்து வாசித்தான், நடுவில் ஒரு சொல் புரியாமல் நின்று, அம்மா இது என்ன எழுத்து என்று மேடையிலிருந்தே கேட்டான். கைதட்டல் அடங்கவில்லை.

தலைமைப் பரிசோதகர் என்று வஹீதைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.  சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பரீட்சையை என் மகளுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன், நிஷாவுக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னேன், நிஷா செய்ததில் ஒரு குறையும் இல்லை, தாய்க்கு ஒன்று என்றால் பிள்ளை ஓடத்தான் செய்யும், குறை என்னிடம்தான் என்றார்.  இரம் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என்று வஹீத் நின்றார். மகளின் இடம் போகும், தன் வேலையும் போகலாம், போகட்டும் என்று அந்த நிமிஷத்தில் நெஞ்சு லேசாக இருந்தது.

சமீருல்லா உடனே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். என்ன செய்வது என்று கேட்டார். மறுமுனையில் என்ன சொன்னாரோ, சாஹிபின் முகம் வெளுத்தது. நீயே பாத்துக்கோன்னு சொல்லிட்டாரு என்று மூர்த்தியிடம் மெல்லச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் கைவிட்ட பிள்ளைபோல நின்றார். மூர்த்திதான் நிலைமையைச் சமாளித்தார். தன் தவறைப் பொதுச்சபையில் ஒப்புக்கொள்வது முதிர்ச்சியின் உச்சம் என்று அறிவித்து, வஹீதுக்குப் பொன்னாடை போர்த்தினார். அப்பா சொன்ன ரகசியத்தை இரம் காப்பாற்றியது தனித் தகுதி, பாஸான சரக்கை வாங்கினவர் புகார் சொல்லாமல் திரும்ப எடுப்பதில்லை, அவள் சான்றிதழ் செல்லும் என்றார். நிஷாவுக்கு நியாயம் செய்ய வேண்டும் அல்லவா? மறுபரிசோதனை, ஜோடி விதிக்கு ஒரு விலக்கோடு, இப்போதே, இங்கேயே.

வேண்டாம் சார் என்று வஹீத் சொன்னார். மைக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள்.

நிஷா மேடைக்கு வந்தாள். முன்வரிசைக்குப் பின்னால் அமிர்தவள்ளி எழுந்து நின்று, மகளைப் பார்த்து நகராதே என்று கையால் சாடை காட்டினாள். உன் அம்மா கம்பெனியில் மயங்கி விழுந்துவிட்டார் என்றார் மூர்த்தி. நிஷா நின்றாள். கொஞ்சம் ஜாஸ்தியாச் சொல்லுங்க, அவளுக்குத் தெரிஞ்சதுதானே என்று சமீருல்லா சொன்னார். அன்று அவர் சொந்தமாக எடுத்த முடிவு அது.

"உன் அம்மா இறந்துவிட்டார்."

நிஷா எதிரே சுவரைப் பார்த்தாள். உதடு அசையவில்லை, கண் அசையவில்லை, விரல்கூட அசையவில்லை. மண்டபமே எழுந்து கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது அமிர்தவள்ளி. பச்சை ஸ்டிக்கரை வஹீத் கையில் கொடுத்தார்கள். அவர் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். வேலைப் பழக்கம், ஒரு சுருக்கமாவது ஒரு கீறலாவது கிடைக்காதா என்று தேடினார். "ஒட்டுங்க மாமா, அம்மா பாத்துட்டிருக்காங்க" என்றாள் நிஷா. ஒட்டினார்.

கூட்டம் கலைந்தபோது அமிர்தவள்ளி வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.  சான்றிதழைப் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள். இரமும் நிஷாவும் கொஞ்சம் தள்ளி ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பாத்தீங்களா பாய், அசையவே இல்ல, நான் சொல்லிக் குடுத்தபடியே நின்னுட்டா என்று இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் மகள் காதில் விழாத மாதிரி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நெசமா எனக்கு ஒண்ணுன்னா வருவா இல்ல பாய்?"

தோளில் பொன்னாடை இன்னும் கிடந்தது. வஹீத் அதைப் பிடித்துக்கொண்டு, வருவாம்மா, கண்டிப்பா வருவா என்றார். அமிர்தவள்ளி தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.